இல்லாத குறையின் வரலாறு

1891ஆம் ஆண்டு இத்தாலியின் ஜெனோவா நகரத்து மருத்துவக் கழகத்தின் முன் என்றிக்கோ மோர்செல்லி என்னும் உளமருத்துவப் பேராசிரியர் ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். அதுகாறும் எவராலும் விவரிக்கப்படாத இரு உளநோய்களை அக்கட்டுரை அறிமுகஞ் செய்தது. உள்ளத்தை விட்டகலாத ஓர் எண்ணத்தினால் விளைவன என்ற வகையில் இரண்டையும் அவர் ஒரே வரிசையில் வைத்தார். ஒன்று, தான் உயிரோடு புதைக்கப்பட்டுவிடக் கூடும் என்னும் அச்சம். மற்றையது, தன் உடல் அவலட்சணமானது, அல்லது அவலட்சணமாகிவிடும் என்னும் அச்சம். முதலாவது அச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிற்குப் புதியதன்று. சவப்பெட்டிக்குள் கிடப்பவர் இழுத்தடிக்கக்கூடிய மணிகளைப் பொருத்தும் உபாயங்களுக்குக்கூட அக்காலத்திலே காப்புரிமை பெறப்பட்டிருந்தது. காலப்போக்கில் அவ்வச்சம் மருத்துவ நூல்களின் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. இரண்டாவது அச்சமோ இன்று உலகெங்கும் உளமருத்துவ நூல்களில் தனக்கெனத் தனித் தலைப்பைப் பெற்று நிற்கின்றது.

மோர்செல்லியின் பெயர் சமூகவியல் மாணவருக்கு வேறொரு வகையிலே அறிமுகமானது. தற்கொலை பற்றி 1879இல் அவர் வெளியிட்ட புள்ளிவிபர நூலை, பின்னர் டேர்க்கைம் 1897இல் எழுதிய தமது புகழ்பெற்ற நூலிற் பயன்படுத்தினார். எண்ணிக்கைகளோடு பழகிய அதே கை, நோயாளியின் ஒருநாட் பொழுதையும் நுணுக்கமாகப் பதிவு செய்திருப்பது வியப்புக்குரியது. உரையாடலின் நடுவே, வாசிப்பின் நடுவே, உணவுண்ணும் வேளையிலே, எங்கும் எப்பொழுதும் அந்த ஐயம் எழுந்து அம்மனிதனை ஆட்கொள்கின்றது. கண்ணீரும் நம்பிக்கையிழப்பும் வரை அவனை இட்டுச் செல்கின்றது என்று அவர் எழுதினார். பார்ப்பவர் கண்ணுக்கு அவனிடம் குறையேதும் தென்படுவதில்லை. தென்பட்டாலும் அது பொருட்படுத்தத் தக்கதன்று. அவன் படும் துன்பம் மட்டும் மெய்யானது.

அவலட்சண அச்சம் என்று பொருள்படும் டிஸ்மோர்போபோபியா என்னும் கிரேக்கப் பெயரை மோர்செல்லி அதற்குச் சூட்டினார். 1987இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அப்பெயரை மாற்றிற்று. அப்புதிய பெயருக்குத் தமிழில் ஏற்புடைய கலைச்சொல் இன்னும் நிலைபெறவில்லை. இக்கட்டுரையில் உடலுருத் திரிபுணர்வு நோய் என்ற தொடரை வசதி கருதி ஆள்கின்றேன். திரிந்திருப்பது உடலுருவன்று, அதுபற்றிய உணர்வே என்பதை இத்தொடர் ஓரளவு காட்டும். இதனினும் சிறந்த சொல்லை ஆக்குவோர் ஆக்குக.

பெயரின் வேர்ச்சொல் மிகப் பழையது. எரொடோட்டசு தமது வரலாற்று நூலின் ஆறாம் பகுதியிலே ஸ்பார்ட்டா நாட்டுச் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்த பெண்குழந்தை பற்றிக் கூறுகின்றார். குழந்தை அழகற்றது, பெற்றோர் அதனைப் பேரிடராகக் கருதினர். செவிலி அக்குழந்தையை நாள்தோறும் தெரப்னே என்னுமிடத்திலுள்ள எலனின் கோயிலுக்கு எடுத்துச் சென்று, அதன் அவலட்சணத்தை நீக்கியருளுமாறு வேண்டி நின்றாள். ஒருநாள் யாரோ ஒரு பெண் எதிர்ப்பட்டுக் குழந்தையின் தலையை வருடி, ஸ்பார்ட்டாவின் பெண்களுளெல்லாம் இவளே அழகியாவாள் என்று கூறிச் சென்றாள், அவ்வாறே நிகழ்ந்தது. பிற்காலத்தில் அவள் ஸ்பார்ட்டா மன்னனுக்கு மனைவியானாள் என்பது கதை. அவலட்சணம் என்பதற்கு இங்கே எரொடோட்டசு கையாண்ட சொல்லே நோயின் பெயரிலும் உள்ளது. ஆயினும் கதையையும் நோயையும் ஒன்றெனக் கொள்ளல் தவறு. கதையில் குறையைக் கண்டவர்கள் பெற்றோர். குழந்தை அதனை அறியாது. நோயிலோ, பெற்றோரும் மற்றோரும் காணாத குறையை ஒருவன் தான் மட்டும் காண்கின்றான். எலனின் கோயிலில் கிடைத்த வரம் அவனுக்குக் கிடைத்தாலும் அதனை அவன் நம்பப்போவதில்லை.

நோயின் இயல்பை ஈண்டுச் சற்று விளக்குதல் வேண்டும். மூக்கு, தோல், தலைமயிர் ஆகியனவே பெரும்பாலும் நோயாளியின் கவலைக்கு இலக்காகின்றன. உடலின் எவ்வுறுப்பும் ஆகலாம். தசைகள் போதிய அளவு திரண்டில்லை என்று, திரண்ட உடலுடைய இளைஞர் வருந்தும் ஒரு வகையை 1990களில் ஹாரிசன் போப் முதலிய அமெரிக்க ஆய்வாளர் விவரித்தனர். ஒருநாளிற் பல மணித்தியாலங்கள் அவ்வெண்ணத்திலேயே கழிகின்றன. நிலைக்கண்ணாடியில் மீண்டும் மீண்டும் பார்த்தல் அல்லது கண்ணாடியை முற்றாகத் தவிர்த்தல், பிறரோடு ஒப்பிடுதல், தொப்பியாலும் ஒப்பனையாலும் மறைத்தல், நான் பார்க்க எப்படியிருக்கிறேன் என்று உற்றாரை ஓயாது வினவுதல் ஆகியன கூடவே வருவன. 2006க்கும் 2010க்கும் இடையில் வெளியான, ஜேர்மனியிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் நடாத்தப்பட்ட பொதுமக்கள் கணிப்புகள் நூற்றுக்கு 1.7 முதல் 2.4 பேர் வரை இந்நோய்க்கு ஆளாகியிருப்பதைக் காட்டின. ஆண்களும் பெண்களும் ஏறக்குறையச் சம அளவினர். மூன்றில் இரு பங்கினருக்குப் பதினெட்டு வயது நிரம்பு முன்னரே நோய் தொடங்கிவிடுகின்றது. அமெரிக்க நோயாளரிடையே நிகழ்ந்த ஆய்வொன்றில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தம் உயிரை மாய்க்க முயன்றவராக இருந்தனர். அழகு பற்றிய வீண் பெருமை என்றும், வேலையற்றவர் பார்க்கும் வேலையென்றும் இதனை நகையாடுவோர் இவ்வொரு செய்தியையாவது மனங்கொள்ளல் நன்று. அழகனாகத் தோன்ற இவன் விரும்புவதில்லை. பிறரைப்போல இருந்தாற் போதும் என்பதே இவன் வேண்டுதல்.

குறை எங்கேயுள்ளது? உடலிலா, நம்பிக்கையிலா, பார்வையிலா? மோர்செல்லிக்குப் பின்வந்த நூற்றாண்டு இவ்வினாவைச் சுற்றியே அலைந்தது. ஒவ்வொரு விடையும் தனக்கேயுரிய சிகிச்சையைக் கொணர்ந்தது. தவறான விடைகளின் விலையை நோயாளரே செலுத்தினர்.

பிரான்சிலே பியேர் ஜானே 1903இல் வெளியிட்ட நூலில் உடல்பற்றிய நாணம் என்னும் ஓயா எண்ணத்தை விவரித்தார். நாடியா என்று அவர் பெயரிட்ட இளம்பெண்ணின் கதை அதிலே விரிவாகவுள்ளது. இன்றைய மருத்துவர் அவளை உணவு மறுப்பு நோயினளாகக் கொள்ளவுங்கூடும். ஜேர்மனியின் கிரெப்பலின் தமது பாடநூலின் எட்டாம் பதிப்பிலே மோர்செல்லியின் பெயரை ஏற்று, நோயைக் கட்டாய நரம்புநோய்களுடன் சேர்த்தார். யப்பானிலே மோரிட்டா ஷோமாவின் மரபினர், பிறர்முன் நிற்றல் பற்றிய அச்சங்களுள் அவலட்சண அச்சத்தையும் ஒன்றாக வகுத்தனர். அங்கு நோயாளியை வாட்டுவது தான் இகழப்படுவது மட்டுமன்று. தன் தோற்றம் எதிரிலிருப்பவரின் மனத்தைப் புண்படுத்துகின்றது என்ற குற்றவுணர்வுமாம். ஒரே நோய், பண்பாட்டுக்கேற்பத் தன் துயரை வேறு சொற்களிற் கூறுவதற்கு இது நல்ல சான்று.

நெடுங்காலம் பேசப்பட்ட நோயாளி ஒருவர் உளப்பகுப்பின் வரலாற்றிலே உள்ளார். ஓநாய் மனிதன் என்று நூல்களிற் குறிக்கப்பெறும் செர்கேய் பன்கெயெவ் என்னும் உருசியப் பிரபு 1910 முதல் 1914 வரை வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டிடம் சிகிச்சை பெற்றார். மரத்திலமர்ந்த வெள்ளை ஓநாய்களை அவர் சிறுவயதிற் கண்ட கனவும், அதற்குப் பிராய்ட் உரைத்த பொருளும் 1918இல் வெளியான ஆய்வினாற் பெயர் பெற்றன. அவர் குணமடைந்தார் என்றே கருதப்பட்டது. உருசியப் புரட்சி அவர் செல்வத்தைப் பறித்தது. வியன்னாவிலே ஒரு காப்புறுதி நிறுவனத்தில் எழுதுவினைஞராகப் பணிசெய்து வாழ்ந்தார். 1926இல் அவர் மீண்டும் பிராய்டை நாடியபோது, பிராய்ட் அவரை ரூத் மாக் பிரன்ஸ்விக் என்னும் அமெரிக்க மருத்துவரிடம் அனுப்பினார்.

இம்முறை ஓநாய்கள் வரவில்லை; மூக்கு வந்தது. மூக்கின் தோலிலுள்ள சுரப்பிகள் அடைபட்டமைக்காக மின்சாரத்தாற் செய்யப்பட்ட சிகிச்சை அதனை என்றென்றைக்குமாகக் கெடுத்துவிட்டது என்று அவர் நம்பினார். பிரன்ஸ்விக் 1928இல் வெளியிட்ட கட்டுரை, காட்டமுடியாத ஒரு வடுவைச் சுற்றி ஒரு மனிதனின் வாழ்வு எவ்வாறு முடங்குகின்றது என்பதைக் காட்டுகின்றது. சட்டைப்பையிலே சிறு கண்ணாடி, சில நிமிடத்துக்கொரு முறை அதனை எடுத்துப் பார்த்தல், மூக்கிற்குப் பவுடர் பூசுதல், பின் அதனைத் துடைத்தல், மறுபடி பார்த்தல். தோல் மருத்துவர் ஒருவர்பின் ஒருவராக அவரைப் பார்த்தனர். ஒருவர் குறையில்லை என்பார். மற்றொருவர் ஏதேனும் செய்வார். செய்தவரின் சொல் சில நாட்களே ஆறுதல் தரும். பின்னர் அவர்மீதே சினம் மூளும்.

பிரன்ஸ்விக் இதனைப் பிராய்டுடனான உறவின் தீராத எச்சமாக விளக்கினார். பிராய்ட் 1923இல் தாடைப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டதையும் நோயாளியின் மூக்குடன் தொடர்புபடுத்தினார். ஏறத்தாழ ஐந்து மாதங்களிற் சிகிச்சை நிறைவெய்தியதாகவும் எழுதினார். அவ்விளக்கத்தை இன்று ஏற்பவர் மிகச் சிலரே. ஆயினும் அவருடைய அவதானிப்பை எவராலும் புறக்கணிக்க முடியாது. கண்ணாடி, பவுடர், மருத்துவர், மீண்டும் கண்ணாடி என்ற வட்டத்தை அவர் உள்ளவாறே எழுதி வைத்தார். அதன் பொருளைத் தேடும் ஆர்வத்தில், வட்டம் தன்னைத்தானே சுழற்றிக்கொள்கின்றது என்பதை மட்டும் அவர் காணவில்லை.

குறை உடலிலேயே உள்ளது என்று கொண்டவர் சத்திரசிகிச்சையாளர். 1898இல் பேர்லின் மருத்துவர் ஜாக் ஜோசப், தன் மூக்கின் பருமனால் வெட்கி வெளிச்செல்லாதிருந்த ஒருவரின் மூக்கைச் சிறிதாக்கி, அதனை மருத்துவர் கழகத்தின் முன் எடுத்துரைத்தார். அம்மனிதர் இப்போது கூச்சமின்றி மக்களிடையே உலவுகின்றார் என்பதே அவர் காட்டிய பயன். உள்ளத்தின் துன்பமே கத்தியை எடுப்பதற்குப் போதிய நியாயம் என்ற இவ்வாதம் பிற்கால அழகுச் சத்திரசிகிச்சை முழுவதற்கும் அடிப்படையாயிற்று. இதனை எளிதில் ஒதுக்கிவிடவும் இயலாது. அவரிடம் வந்த மனிதரின் மூக்கு பார்ப்பவர் யாவரும் காணக்கூடிய அளவிற் பெரிதாகவே இருந்தது. அத்தகையோர் பலர் சிகிச்சையின் பின் நிறைவுடன் வாழ்ந்தனர், வாழ்கின்றனர். இடர்ப்பாடு, பெரிதல்லாத மூக்குடன் அதே துன்பத்தைக் கொண்டு வந்தவரிடமே எழுந்தது. ஒரு சத்திரசிகிச்சை முடிய அடுத்ததைக் கேட்பவர். மூக்குச் சீரானதும் நாடியைப் பற்றிக் கவலைகொள்பவர். பால்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த சத்திரசிகிச்சையாளரும் உளமருத்துவரும் இணைந்து 1967இல் எழுதிய கட்டுரை அத்தகையோரைத் திருப்தியுறாத நோயாளர் என்றே பெயரிட்டது.

பிரித்தானியாவில் கொனொலியும் கிப்சனும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்திற் சிறப்பாக நோக்கத்தக்கது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மூக்குச் சத்திரசிகிச்சை பெற்றோரை அவர்கள் தேடிச் சென்றனர். அழகுக்காக அதனைச் செய்துகொண்டோர் 86 பேர்; விபத்து, நோய் காரணமாகச் செய்துகொண்டோர் 101 பேர். முதற் குழுவில் 32 பேர் கடுமையான நரம்புத் தளர்ச்சி நோயினராகவும் 6 பேர் உளச்சிதைவு நோயினராகவும் காணப்பட்டனர். இரண்டாவது குழுவில் அத்தொகை முறையே 9, 1. கத்தி நோயை உண்டாக்கிற்று என்று இதனாற் பெறப்படாது. கத்தியை நாடிச் சென்றவர் பலரின் துன்பம் கத்தி எட்டாத இடத்திலே இருந்தது என்பதே பெறப்படும். 2001இல் ஐக்கிய அமெரிக்காவில் கதரின் பிலிப்சும் உடனாய்வாளரும் 250 நோயாளரை ஆராய்ந்தபோதும் இதுவே புலனாயிற்று. அவர்களுள் நான்கில் மூவர் தோல் மருத்துவம், சத்திரசிகிச்சை முதலியவற்றை நாடியிருந்தனர். அவற்றால் நோய் தணிந்தமை அரிது.

மறுபுறம், குறை நம்பிக்கையிலேயே உள்ளது என்று கொண்டோரும் இருந்தனர். தன் மூக்கு கோணலானது என ஐயுறுபவன் ஒருவன். கோணலே என உறுதியாக நம்பி, மறுப்போரைப் பொய்யர் எனக் கருதுபவன் இன்னொருவன். இவ்விருவரும் ஒரே நோயினரா? சோவியத் உளமருத்துவர், அச்சம் என்றும் பித்து என்றும் சொல்லையே இரண்டாக்கினர். 1980இல் வெளியான அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, மோர்செல்லியின் பெயரை ஏனைய உடல்சார் உளநோய்கள் என்னும் பகுதியில் ஓர் உதாரணமாக மட்டுமே குறிப்பிட்டது. 1987இல் வந்த திருத்தப் பதிப்பு நோய்க்குத் தனியிடம் அளித்தது; அச்சத்தினால் எதனையும் தவிர்த்தல் இந்நோயில் இல்லையாதலாற் பழைய பெயர் பொருந்தாது என்று கூறிப் பெயரையும் மாற்றிற்று. உறுதியாக நம்புவோர் வேறு அத்தியாயத்துக்கு, பிறழ்நம்பிக்கை நோய்களின் பகுதிக்கு, அனுப்பப்பட்டனர். பெயர் மாற்றத்துக்குக் கூறப்பட்ட காரணம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. மறு ஆண்டே இலண்டனில் ஐசக் மார்க்சும் மிஷானும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே தவிர்த்தல் என்ற சொல் உள்ளது. அவர்களுடைய நோயாளர் தெருவையும் பேருந்தையும் மனிதர் முகத்தையும் தவிர்த்தவர்கள். அவற்றை அஞ்சாது எதிர்கொள்ளப் படிப்படியாகப் பழக்கியபோது அவர்கள் தேறினர்.

நம்பிக்கை பற்றிய விவாதத்தைத் தீர்த்து வைத்தவை மருந்துகளே எனலாம். பிறழ்நம்பிக்கை நோய்களுக்கு வழங்கும் பிமோசைட் என்னும் மருந்து 1970களில் உடல் பற்றிய இத்தகைய உறுதியான பிறழ்நம்பிக்கைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1989இல் நியூயோர்க்கில் எரிக் ஹொலண்டரும் உடனாய்வாளரும் ஐந்து நோயாளரைப் பற்றி எழுதினர். மூளையில் செரொட்டோனின் என்னும் பொருள் மீளவுறிஞ்சப்படுவதைத் தடுக்கும் மருந்துகளால், அதாவது எண்ணச்சுழற்சி நோய்க்கு வழங்கும் மருந்துகளால், அவர்கள் குணங்கண்டனர். ஐந்து பேர் என்பது சிறு தொகையே. 1999இல் இக்குழுவினரே குளோமிப்பிரமின் என்னும் அத்தகு மருந்தை, செரொட்டோனினைப் பெரிதும் தாக்காத டெசிப்பிரமினுடன் ஒப்பிட்டனர். முன்னையது தெளிவாக மேம்பட்டு நின்றது. 2002இல் பிலிப்ஸ் 67 பேரைக் கொண்டு நடாத்திய பன்னிரண்டு வாரப் பரிசோதனையில் புளுவொக்செற்றின் பெற்றோருள் அரைப்பங்கினருக்குச் சற்று மேலானோரும், வெற்று மாத்திரை பெற்றோருள் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவானோரும் தேறினர். இதிற் குறிப்பிடத்தக்கது யாதெனில், தம் குறையை உறுதியாக நம்பியோரும் ஐயுற்றோருக்கு நிகராகத் தேறினர். பின்னர் 2005இல் புளுவொக்செற்றினுடன் பிமோசைட்டைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது மேலதிகப் பயன் எதுவுங் கிட்டவில்லை.

ஆகவே ஐயமும் உறுதியும் ஒரே நோயின் இரு படிகள். 2013இல் வந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதனை ஏற்று, நோயை எண்ணச்சுழற்சி நோயின் குடும்பத்தில் வைத்தது. கண்ணாடி பார்த்தல், ஒப்பிடுதல் முதலிய திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களையும் அது நோயின் இலக்கணத்துள் அடக்கிற்று. நம்பிக்கையின் உறுதியை ஓர் அளவுகோலாக மட்டும் குறித்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியலும் அவ்வாறே செய்தது. அதற்கு முந்திய பட்டியல் இந்நோயைக் கற்பனைப் பிணி அச்சத்தின் கீழ் ஒளித்து வைத்திருந்தது. விட்டகலாத எண்ணத்தினால் விளைவது என்று மோர்செல்லி ஜெனோவாவிலே கூறியதற்கு உளமருத்துவம் திரும்பி வந்து சேர 122 ஆண்டுகள் சென்றன. இடையிலே மூக்கும் கனவும் வகைப்பாடும் பற்றிப் பெருந்தொகை நூல்கள் எழுதப்பட்டன.

இவ்வாண்டுகள் முற்றிலும் வீணாயின என்று கூறவும் நான் துணியேன். பார்வை பற்றி நாம் இன்று அறிந்திருப்பதை மோர்செல்லி அறிந்திருக்க முடியாது. 2007இல் லொஸ் ஏஞ்சலிசில் ஜேமி பியூஸ்னர் குழுவினர், நோயாளருக்குப் பிறருடைய முகங்களைக் காட்டி அவர்தம் மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்தனர். நுண்விவரம் நீக்கப்பட்டு, முழுவடிவம் மட்டும் தெரியும் முகங்களைப் பார்க்கும்போதும் நோயாளரின் இடப்பக்க மூளை, விவரங்களைத் துருவுவதற்குரிய வகையிலே மிகுதியாக இயங்கிற்று. தம் முகத்தை மட்டுமன்றி எவர் முகத்தையும் அவர்கள் துண்டு துண்டாகவே காண்கின்றனர் போலும். முகத்தை முகமாகக் காணாது, துளைகளும் கோடுகளும் மேடுகளுமாகக் காண்பவனுக்கு, நீ அழகாகத்தானே இருக்கிறாய் என்று தாய் கூறும் சொல் எவ்வாறு பயன்படும்? அவள் ஒன்றைக் காண்கின்றாள். அவன் வேறொன்றைக் காண்கின்றான். அவன் பொய் கூறவில்லை.

அறிகை நடத்தைச் சிகிச்சை என இன்று வழங்கும் முறை இவ்விடத்திலேதான் தொழிற்படுகின்றது. உன்னிடம் குறையில்லை என்று அது வாதிடுவதில்லை. வாதிடுவதால் வட்டம் மேலும் ஒருமுறை சுழலும் அவ்வளவே. கண்ணாடியிலிருந்து ஓரடிக்குள் நின்று மூக்கை ஆராய்பவனைச் சில அடி பின்னால் நிறுத்தி, தலைமுதல் கால்வரை தன்னைப் பார்த்து, நல்லது கெட்டது என்ற சொற்களைத் தவிர்த்து, உள்ளதை உள்ளவாறு கூறப் பழக்குகின்றது. கண்ணாடி பார்க்கும் தடவைகளைக் குறைத்து, தொப்பியின்றிக் கடைத்தெருவுக்குச் செல்லவும், எல்லோரும் என்னையே பார்க்கின்றனர் என்ற எண்ணத்தை அங்கேயே நிமிர்ந்து நோக்கிச் சோதிக்கவும் ஏவுகின்றது. உற்றார் மீண்டும் மீண்டும் ஆறுதல் மொழி கூறுவதை நிறுத்துமாறும் கேட்கின்றது. குடும்பத்தினருக்கு இதுவே கடினமான பாடம். டேவிட் வீல் 1996இல் இலண்டனிலே 19 பேரிடம் இம்முறையைச் சோதித்துப் பயன்கண்டார். 2019இல் அமெரிக்காவின் இரு நிலையங்களில் 120 பேரைக் கொண்டு நிகழ்ந்த ஆய்விலே, பரிவுடன் செவிமடுக்கும் ஆதரவுச் சிகிச்சையோடு அது ஒப்பிடப்பட்டது. ஒரு நிலையத்தில் அறிகை நடத்தைச் சிகிச்சை தெளிவாக முந்திற்று. மற்றதில் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. திறமையும் பரிவும் உடைய ஒருவர் வாரந்தோறும் செவிகொடுத்தலே நோயாளருட் பலருக்குப் புதிய அனுபவம் என்பதை இதனால் ஊகிக்கலாம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் எங்கும் அருகியே உள்ளனர். இக்குறையை நிரப்ப முயன்ற சுவீடன் ஆய்வாளர் 2016இல் 94 பேருக்கு இணையம் வழியே பன்னிரண்டு வாரச் சிகிச்சை அளித்து நற்பயன் கண்டனர்.

இத்துணைக்கும் முன், நோயாளியை அடையாளங் காணுதல் வேண்டுமே. அவன் உளமருத்துவரிடம் வருவதில்லை. வந்தாலும் சோர்வு, உறக்கமின்மை என்பானேயன்றி மூக்கைப் பற்றி வாய்திறக்க நாணுவான். அவன் செல்லுமிடம் தோல் மருத்துவரின் அறை, சத்திரசிகிச்சையாளரின் அறை. 2005இல் பிரித்தானிய அரசின் மருத்துவத் தரநிர்ணய நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, ஐயத்திற்குரியோரிடம் மருத்துவர் கேட்க வேண்டிய ஐந்து வினாக்களை வகுத்துத் தந்தது. தோற்றம் பற்றி மிகவும் கவலைப்படுகிறீரா, அதனைக் குறைவாக எண்ணினால் நன்றென விரும்புகிறீரா என்பது ஒன்று. எதுபற்றிக் கவலை, நாளொன்றில் எத்தனை மணித்தியாலங்கள் அது மனத்தில் நிற்கின்றது, வாழ்க்கையை எவ்வாறு பாதிக்கின்றது, தொழிலையும் நட்பையும் தடுக்கின்றதா என்பன ஏனையவை. மூக்கின் நீளத்தை அளந்து பார்க்கும் வினா அவற்றுள் ஒன்றுமில்லை.